க்ரெமான் போத்தலைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை நடந்த பிறந்தநாள் விழா வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தம்பி கொண்டுவந்த போத்தலைக் கேமராவுக்கு முன் தூக்கிப் பிடித்து, "ஷாம்பெயின் வாங்கக் காசில்லையாம்" என்று சிரித்தார்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பேசாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அவன் கொண்டுவந்தது அல்சாஸ் க்ரெமான், பிரான்சின் அல்சாஸ் பகுதியில் செய்யும் நுரை வைன். ஷாம்பெயின் செய்யும் அதே முறையில் செய்வது. வைனோடு சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து அடைத்து, போத்தலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க விடுகிறார்கள். நுரை அங்கிருந்துதான் வருகிறது. திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்ற விதி இரண்டுக்கும் உண்டு. பிரான்சின் இன்னொரு பகுதியான பூர்கோனின் க்ரெமானை எடுத்தால், ஷாம்பெயினில் சேரும் அதே பினோ நுவார், ஷார்டோனே திராட்சைகள்தான் அதிலும் முக்கியமானவை. பிறகு எதைப் பார்த்துச் சிரித்தீர்கள்? போத்தலில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத்தானே?

"ஷாம்பெயின் ருசி வராது" என்று சிலர் வருவீர்கள். சரி, ஷாம்பெயின் பகுதியின் மண் சுண்ணாம்பு மண். நொதித்தபின் போத்தலடியில் தங்கும் ஈஸ்ட் படிவின் மேல் க்ரெமான் 9 மாதம் கிடந்தால் போதும், ஷாம்பெயின் 12 மாதம் கிடக்க வேண்டும், கடைக்கு வர 15 மாதம் ஆகும். வித்தியாசம் இருக்கிறது. ஆனால் க்ரெமானின் 10 யூரோவுக்கும் ஷாம்பெயினின் 35 யூரோவுக்கும் இடையில் இருப்பது ருசி மட்டுமா? ஒரு கிலோ திராட்சையே 6 யூரோவைத் தாண்டும் இடம் ஷாம்பெயின் பகுதி. அதற்கு மேல் பெயருக்கு ஒரு விலை. அன்று பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றிக் குடித்தவர்களில் யார் சுண்ணாம்பு மண்ணின் ருசியைத் தேடினார்கள்?

பாரிசில் உணவகச் சமையலறையில் வேலை செய்தவன் நான். என் முதலாளி அல்சாஸ்காரர். மகளின் திருமணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார். விருந்தில் முதலில் வந்தது க்ரெமான்தான். ஷாம்பெயின் வாங்க முடியாதவர் அல்ல அவர். எங்கள் ஊர்த் திராட்சை என்று சொல்லி, மேசை மேசையாக வந்து தன் கையாலேயே ஊற்றினார். பிரான்சின் தெற்கே லிமூ என்ற ஊரில் கேட்டுப் பாருங்கள், 1531இலேயே எங்கள் மடத்துத் துறவிகள் நுரை வைன் செய்தார்கள், ஷாம்பெயின் அதற்குப் பிறகுதான் என்பார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு இல்லாத வெட்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

"குடியை வளர்க்கிறாயா?" என்று கேட்பவர்களுக்கு: குடிக்காதவர்களை மதிக்கிறேன். ஆனால் ஷாம்பெயின் போத்தல்களை அடுக்கி எடுத்த படங்களுக்கெல்லாம் விருப்பம் போட்டுவிட்டு, இந்தப் பதிவுக்குக் கீழே மட்டும் ஒழுக்கம் பேசாதீர்கள்.

அந்தத் தம்பி நள்ளிரவு வரை பாத்திரம் கழுவுகிறான். மாதம் தவறாமல் ஊருக்குப் பணம் அனுப்புகிறான். நம்மில் எத்தனை பேர் சீட்டுக் காசை எடுத்து மண்டப வாடகை கட்டுகிறோம்? எத்தனை பேர் கடன் வாங்கி ஷாம்பெயின் உடைக்கிறோம்? அவன் கடன்படவில்லை. கடைக்காரரிடம் விசாரித்து, நல்லதாகப் பார்த்து எடுத்து, வெறுங்கையோடு வராமல் வந்தான். அந்த மரியாதைக்கு நீங்கள் கொடுத்த பதில் எனக்கு இன்னும் வலிக்கிறது.

வீடியோவை எடுத்துவிடுங்கள். அவனிடம் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். அடுத்த மாதம் என் வீட்டு விழாவில் க்ரெமான்தான் ஊற்றப்போகிறேன். அது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள் வர வேண்டாம்.