காதில் பாட்டு ஓடினால் வாய்க்கால் நாறுவதில்லை

புதுச்சேரியில் சாயங்காலம் பெரிய மார்க்கெட்டிலிருந்து நேரு வீதி வழியாக வாய்க்காலைத் தாண்டி, பாரதி பூங்கா ஓரமாக பீச் ரோடு வரை நடப்பது என் வழக்கம். ஐந்து வருடமாகக் காதில் பாட்டு இல்லாமல் நடந்ததில்லை. போன வாரம் சும்மா ஒரு சோதனை செய்து பார்த்தேன். அதே பாதை, மூன்று நாள். முதல் நாள் மெதுவான பழைய பாட்டு, அடுத்த நாள் குத்துப் பாட்டு, மூன்றாம் நாள் வெறுங்காது.

பழைய பாட்டு ஓடியபோது கண் மேலேயே போனது. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொத்து, மாடி ஜன்னலின் மரச்சட்டம். எதிரே வந்தவர்கள் எல்லாருக்கும் ஏதோ துக்கம் இருப்பதாகப் பட்டது. பாவம், பால் வாங்கப் போயிருப்பார்கள். குத்துப் பாட்டு நாளில் சுவர் எதுவும் நினைவில்லை, கால்கள்தான். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர்கூட என் தாளத்துக்கு நடப்பதுபோல் இருந்தது. அவர் தன்பாட்டுக்குத்தான் நடந்திருப்பார்.

மூன்றாம் நாள் வாய்க்காலை நெருங்கியதும் நாற்றம் குப்பென்று ஏறியது. முந்தைய இரண்டு நாளும் இதையேதானே தாண்டினேன்? காதை அடைத்தால் மூக்குமா அடைபடும்? எனக்குத் தோன்றுவது இதுதான்: பாட்டு ஊரை மறைப்பதில்லை, தன் மனநிலைக்குப் பொருந்துகிற ஊரை மட்டும் பொறுக்கித் தருகிறது. மஞ்சள் சுவர் சோகப் பாட்டுக்குப் பொருந்தும். சாக்கடை எந்தப் பாட்டுக்கும் பொருந்தாது.

அன்றைக்குத்தான் மார்க்கெட் பூக்கார அக்கா, "என்னா தம்பி, இன்னிக்குக் காது கேக்குதா?" என்றார். பல நாள் கூப்பிட்டிருக்கிறாராம், நான் திரும்பியே பார்த்ததில்லையாம். உண்மையிலேயே கூசிப்போனது.

1979-ல் சோனி முதல் வாக்மேனை விற்றபோது, ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதையில்லை என்று அதன் தலைவர் அகியோ மொரிதா நினைத்தார். அதனால் இரண்டு பேர் கேட்க இரண்டு ஹெட்போன் துளைகள். அப்புறம் ஒரு ஆரஞ்சு பட்டன். அதை அழுத்தினால் பாட்டு தணிந்து, மைக் வழியாகப் பக்கத்தில் இருப்பவர் பேச்சு கேட்கும். மக்களோ தனியாகக் கேட்கத்தான் ஆசைப்பட்டார்கள். பின்னால் வந்த மாடல்களில் அந்த பட்டன் காணாமல் போனது. இப்போது வெளிச்சத்தம் உள்ளே வருகிற இயர்பட்ஸ் என்று அதையே கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறோம்!

அதற்காகப் பாட்டை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். நேரு வீதியில் ஆறு மணி ஹாரனை வெறுங்காதில் கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாயங்காலம் வண்டி விடாத பீச் ரோட்டுக்குப் போய்ச் சேரும்வரை ஏதாவது ஒரு துணை வேண்டியிருக்கிறது. பின்னால் வரும் பேட்டரி ஸ்கூட்டர் சத்தமே போடாது என்பதும் உண்மைதான், அது ஒன்றுதான் பயம்.

இப்போதைக்கு இடது காதில் மட்டும் மாட்டிக்கொள்கிறேன். பாட்டு பாதிதான் கேட்கிறது. அக்கா கூப்பிட்டால் கேட்கிறது. வாய்க்காலும் நாறத்தான் செய்கிறது.