'அந்தக் காலத்து மனுஷங்க' என்றால் யார் யார்?

எங்கள் வாசிப்பு வாட்ஸப் குழுவில் போன வாரம் அமெரிக்க அரசியல் சாசனம் பற்றிப் பேச்சு வந்தது. வாஷிங்டனும் ஜெபர்சனும் அடிமைகளை வைத்திருந்ததை ஒருவர் எடுத்துப் போட, இன்னொரு நண்பர் பதில் எழுதினார்: "அவங்க அந்தக் காலத்து மனுஷங்க. அது தப்புன்னு அப்போ யாருக்கும் தெரியாது. இன்னைக்கு இருக்கிற அளவுகோலைக் கொண்டுபோய் அவங்களை அளக்காதீங்க." நான் மதிக்கிற நண்பர், நிறையப் படிப்பவர். அங்கேயே பதில் தட்ட ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனதால் இங்கே வந்துவிட்டேன்.

'யாருக்கும் தெரியாது' என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததற்கான தடயம் அந்தச் சாசனத்திலேயே கிடக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள். சாசனத்தின் முழு ஆங்கிலப் பாடத்தைப் போனில் திறந்து, தேடும் கட்டத்தில் 'slave' (ஸ்லேவ், அதாவது அடிமை) என்று அடியுங்கள். 1787-இல் எழுதிய ஏழு பிரிவுகளையும் தாண்டி, முதல் பத்துத் திருத்தங்களையும் தாண்டி, 13-வது திருத்தத்தில் போய் நிற்கும். உள்நாட்டுப் போர் முடிந்து, 1865-இல் அடிமை முறையை ஒழிப்பதற்காகச் சேர்த்த வரி அது. ஒழிக்கும்போதுதான் அதன் பெயரையே அந்தச் சாசனம் முதன்முதலாகச் சொல்கிறது.

அப்படியானால் 1787-இல் அந்த விவகாரமே உள்ளே இல்லையா? மூன்று இடங்களில் இருக்கிறது. பிரதிநிதிகள் சபையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று கணக்குப் போடும்போது, சுதந்திரமான ஆட்களோடு 'மற்ற ஆட்களில்' ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது ஒன்று. 'இப்போதுள்ள மாநிலங்கள் அனுமதிக்கத் தகும் என்று கருதும் ஆட்களின்' வரவை 1808 வரை தடுக்கக் கூடாது என்கிறது இன்னொன்று. அடிமைக் கப்பல்களைத்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது, 'ஊழியத்துக்குக் கட்டுப்பட்ட ஆள்' வேறு மாநிலத்துக்குத் தப்பினால் உரியவரிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது. ஆள், ஆள், ஆள். அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதவில்லை.

தற்செயலாக விட்டுப்போனதல்ல இது. 1787 ஆகஸ்ட் 25 அன்று, சாசனத்தை எழுதிய பிலடெல்பியா மாநாட்டில் வர்ஜீனியாவின் பிரதிநிதி ஜேம்ஸ் மேடிசன் எழுந்து, மனிதர்களைச் சொத்தாக வைத்துக்கொள்ள முடியும் என்ற எண்ணத்தைச் சாசனத்துக்குள் அனுமதிப்பது தவறு என்று பேசியதை அவருடைய குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். மேடிசனே அடிமைகளை வைத்திருந்தவர். தப்பென்று தெரியாதவர் எதற்காக ஒரு சொல்லை இவ்வளவு கவனமாகத் தாண்டிப் போகவேண்டும்?

இது எங்கே ஆரம்பித்தது என்பதற்கு வர்ஜீனியாவுக்குப் போகவேண்டும். 1607-இல் ஆங்கிலேயர்கள் ஜேம்ஸ்டவுனில் குடியேறினார்கள். பசியிலும் நோயிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். புகையிலைதான் அந்தக் குடியேற்றத்தைக் கைதூக்கிவிட்டது. ஆனால் புகையிலை ஆள்பலம் கேட்கிற பயிர். 1619 கோடையில் இரண்டு காரியங்கள் சில வார இடைவெளியில் நடந்தன. ஜூலை 30 அன்று ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் மக்கள் பிரதிநிதிகள் சபை முதன்முதலாகக் கூடியது. ஆகஸ்ட் கடைசியில் பாயிண்ட் கம்ஃபர்ட்டில் ஒரு கப்பல் வந்து நின்றது. அங்கோலாவிலிருந்து போர்த்துக்கீசியர் ஏற்றிவந்து, நடுக்கடலில் கொள்ளையிடப்பட்ட 'இருபது சொச்சம்' ஆப்பிரிக்கர்கள் அதில் இருந்தார்கள். உணவுப் பண்டங்களுக்கு அவர்களை மாற்றிக்கொண்டார்கள்.

அன்றைக்கு வர்ஜீனியாவில் பரம்பரை அடிமைச் சட்டம் என்று எதுவும் கிடையாது. கப்பல் கூலிக்காக நான்கு முதல் ஏழு வருஷம் வரை உழைத்துக் கழிக்கிற வெள்ளைக்கார ஒப்பந்தக் கூலிகள்தான் வயல்களில் அதிகம். அந்த மண்ணில் அடிமை முறை வானத்திலிருந்து விழவில்லை, வழக்கு வழக்காக, சட்டம் சட்டமாகக் கட்டியெழுப்பினார்கள். 1640-இல் மூன்று கூலிகள் மேரிலாந்துக்கு ஓடிப்போய்ப் பிடிபட்டார்கள். மூவருக்கும் ஆளுக்கு முப்பது கசையடி. ஒருவர் டச்சுக்காரர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர். இருவருக்கும் ஊழியக் காலம் நான்கு வருஷம் கூடியது. மூன்றாமவர் ஜான் பஞ்ச், கறுப்பர். ஆயுள் முழுக்க ஊழியம் செய்யச் சொல்லித் தீர்ப்பு. குற்றம் ஒன்றுதான், தண்டனைதான் வேறு.

இதைவிட என்னை உலுக்கியது எலிசபெத் கீ வழக்கு. அப்பா ஆங்கிலேயர், அம்மா ஆப்பிரிக்கர். பிள்ளை தகப்பன் வழி என்பதுதான் ஆங்கிலச் சட்டம். என் அப்பா சுதந்திர மனிதர், நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவள், என்னை எப்படி அடிமையாக வைத்திருக்கலாம் என்று வழக்காடி 1656-இல் விடுதலை வாங்கினார். தனக்காக வாதாடியவரையே கல்யாணமும் செய்துகொண்டார். அதோடு அந்த ஓட்டையை அடைக்க வர்ஜீனியா சபை இறங்கியது. 1662-இல் ஒரு சட்டம்: பிள்ளையின் நிலை இனி தாயின் நிலையைப் பொறுத்தது. 1667-இல் இன்னொன்று: ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமைத்தனம் போகாது. அவர் எந்த இரண்டு வாசல் வழியாக வெளியே வந்தாரோ, அந்த இரண்டையும் பூட்டினார்கள். முதல் சட்டத்தின் இன்னொரு பலனையும் யோசித்துப் பாருங்கள். எஜமானன் தன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளையும் அவனுக்கே சொத்தாகிவிடும். இதை எழுதியவர்களை 'தெரியாதவர்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதே நூற்றாண்டில், 1688-இல், பிலடெல்பியாவுக்குப் பக்கத்து ஜெர்மன்டவுனில் நான்கு குடியேறிகள் ஒரு மனு எழுதினார்கள். உங்களை யாராவது பிடித்து விற்றால் ஒத்துக்கொள்வீர்களா, பிறகு நீங்கள் எப்படி வாங்குகிறீர்கள் என்பதுதான் சாரம். அவர்களுடைய குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) சபை அதைப் படித்தது. விஷயம் ரொம்பக் கனமானது, இங்கே முடிவு செய்யத் தோதில்லை என்று மேல்சபைக்கு அனுப்பியது. மேல்சபை அதற்கும் மேலே அனுப்பியது. அங்கே கிடப்பில் போட்டார்கள். 1776-இல் வந்த அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்துக்கு 88 வருஷம் முன்னாலேயே கேள்வி மேசைக்கு வந்துவிட்டது.

1776 பிரகடனத்தின் முதல் வரைவில், அடிமை வியாபாரத்துக்காக இங்கிலாந்து மன்னரைக் கண்டித்து ஜெபர்சன் ஒரு பத்தி எழுதியிருந்தார். வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமையாக வைத்திருந்த அதே ஜெபர்சன்தான். மாநிலப் பிரதிநிதிகளின் அவையான காங்கிரஸ் அதை வெட்டியது. தென் கரோலினாவையும் ஜார்ஜியாவையும் திருப்திப்படுத்த நீக்கினார்கள் என்றும், ஆட்களை ஏற்றிவந்து காசு பார்த்த வடக்கத்தியவர்களுக்கும் அது உறுத்தியது என்றும் ஜெபர்சனே பிற்பாடு எழுதினார்.

அதே கோடையில், ஆட்களை எண்ணி மாநிலங்களின் வரிப் பங்கை முடிவு செய்வது பற்றி விவாதம். அடிமைகள் சொத்து, ஆட்டை விட்டுவிட்டு அவர்களுக்கு மட்டும் ஏன் வரி என்று தென் கரோலினாவின் தாமஸ் லிஞ்ச் கேட்டார். பெஞ்சமின் பிராங்க்ளின் சொன்ன பதில்: ஆடுகள் ஒருநாளும் கலகம் செய்வதில்லை. பதினொரு வருஷம் கழித்து, வரிக்குப் பதிலாகச் சபையில் இடங்களைப் பங்கு போடும் பேச்சு வந்தபோது, தெற்குப் பிரதிநிதிகள் தலைகீழாகத் திரும்பி, அடிமைகளையும் ஆட்களாக எண்ணவேண்டும் என்றார்கள்.

அந்த 1787 மாநாடு ஏன் கூடியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் இருந்த கூட்டமைப்பு அரசால் வரி போட முடியாது. அதன் விதிகளைத் திருத்த 13 மாநிலங்களும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். 1782-இல் சுங்க வரித் திட்டத்தை ரோட் ஐலண்ட் ஒன்றே தடுத்துவிட்டது. போர்க் கடன் கழுத்தை நெரித்தது, மாசசூசெட்ஸில் விவசாயிகள் கலகத்தில் இறங்கினார்கள். ஆக, 12 மாநிலங்களிலிருந்து 55 பேர் மே மாதத்திலிருந்து செப்டம்பர் 17 வரை பிலடெல்பியாவில் ரகசியமாகக் கூடிப் பேசினார்கள்.

அந்த அறைக்குள்ளேயே யாரும் கேட்காமல் இல்லை. ஆகஸ்ட் 8 அன்று கவர்னர் மோரிஸ் (கவர்னர் என்பது பதவியல்ல, பெயர்) எழுந்தார். எந்த நியாயத்தில் அடிமைகளைக் கணக்கில் சேர்க்கிறீர்கள்? அவர்கள் மனிதர்களா? குடிமக்களாக்கி ஓட்டுப் போட விடுங்கள். சொத்தா? வேறு எந்தச் சொத்தையும் ஏன் எண்ணவில்லை? அவர் கொண்டுவந்த திருத்தம் தோற்றது. கப்பல் வியாபாரத்தைத் தொடர தெற்குக்கு அவகாசம் வேண்டும். வணிகக் கப்பல் சட்டங்களைச் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்ற வசதி வேண்டும் என்பது வடக்கின் தேவை. இரண்டையும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துக் கைகுலுக்கினார்கள். இதற்காக அமைத்த குழு 1800 என்று எழுதியிருந்த கெடுவை 1808-க்குத் தள்ளினார்கள். அந்த இருபது வருஷம் என்ன கேடெல்லாம் முடியுமோ அத்தனையையும் செய்துவிடும் என்று மேடிசன் எச்சரித்தார். அப்படியும் நிறைவேறியது.

1790-இல் முதல் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். நாட்டில் ஏறத்தாழ 39 லட்சம் பேர், அதில் ஏறத்தாழ 7 லட்சம் அடிமைகள். ஓட்டு இல்லாத அந்த 7 லட்சம் பேரின் பெயரால் அவர்களுடைய எஜமானர்களுக்குச் சபையில் கூடுதல் இடம் கிடைத்தது. ஜனாதிபதித் தேர்தலிலும் கூடுதல் வாக்கு கிடைத்தது. அதே வருஷம் பிப்ரவரியில், அடிமை முறைக்கு எதிராகக் காங்கிரசுக்குப் போன ஒரு மனுவில் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகக் கையெழுத்துப் போட்டிருந்தவர் பிராங்க்ளின். காங்கிரஸ் அதை ஒதுக்கி வைத்தது. இரண்டு மாதத்தில் பிராங்க்ளின் இறந்துபோனார்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலும் கோட்டுப் போட்ட கனவான்கள்தான். நண்பரிடம் நான் உண்மையில் கேட்க நினைத்தது வேறு. 'அந்தக் காலத்து மனுஷங்க' என்னும்போது இந்தக் கனவான்கள் மட்டுமா நம் கண்ணில் படவேண்டும்? அந்த 7 லட்சம் பேர் எந்தக் காலத்து மனுஷங்க?

மாசசூசெட்ஸின் ஷெபீல்டில் ஜான் ஆஷ்லி என்பவர் வீட்டில் பெட் என்ற அடிமைப் பெண் இருந்தார். 1773-இல் மனிதர் அனைவரும் சமம், சுதந்திரமானவர்கள் என்ற ஊர்த் தீர்மானத்தை ஆஷ்லி தலைமையிலான குழுதான் தயாரித்தது. ஒருநாள் அந்த வீட்டு அம்மாள் அடுப்பில் பழுக்கக் காய்ந்த கரண்டியை இன்னொரு பெண்மேல் ஓங்க, பெட் குறுக்கே கையை நீட்டி அதைத் தாங்கினார். அந்தத் தழும்பை அவர் ஒருபோதும் மூடி மறைக்கவில்லை. 1780-இல் மாசசூசெட்ஸ் தன் சாசனத்தில் எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று எழுதியது. படிக்கத் தெரியாத பெட் அதைக் காதால் கேட்டுவிட்டு வக்கீலிடம் போனார். 1781 ஆகஸ்டில் கிரேட் பாரிங்டன் ஜூரி அவரை விடுதலை செய்து, முப்பது ஷில்லிங் நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னது. அதற்குப் பிறகு அவர் எலிசபெத் ஃப்ரீமன். பிலடெல்பியா மாநாட்டுக்கு ஆறு வருஷம் முன்னால் நடந்தது இது.

இன்னொருவர் ஓனா ஜட்ஜ். வாஷிங்டனின் மனைவி மார்த்தாவுக்குப் பணிவிடை செய்த அடிமைப் பெண். ஜனாதிபதியான வாஷிங்டன் அப்போது குடியிருந்தது பென்சில்வேனியா மாநிலத்தின் பிலடெல்பியாவில். பென்சில்வேனியாவின் 1780 சட்டப்படி, வெளியூர் எஜமானர் கொண்டுவந்த அடிமை தொடர்ந்து ஆறு மாதம் அங்கே தங்கினால் விடுதலை. அதனால் கெடு முடியுமுன் வாஷிங்டன் வீட்டார் தங்கள் அடிமைகளை மாநிலத்தை விட்டு வெளியே அனுப்பித் திரும்ப வரவழைத்தார்கள். அவர்களும் சரி, ஊராரும் சரி, உண்மையைக் கண்டுபிடிக்காதபடி ஏதாவது சாக்குச் சொல்லிச் செய்யவேண்டும் என்று 1791-இல் வாஷிங்டன் தன் செயலாளருக்குக் கடிதம் எழுதினார். அறியாதவர் எழுதுகிற கடிதமா இது?

தன்னை மார்த்தாவின் பேத்திக்குக் கல்யாணச் சீராகக் கொடுக்கப் போகிறார்கள் என்று ஓனாவுக்குத் தெரியவந்தது. 1796 மே மாதம், குடும்பம் வர்ஜீனியாவுக்குப் புறப்பட மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. ஓனாவும் மூட்டை கட்டினார், எங்கே போகிறோம் என்று தெரியாமலே. திரும்பிப் போனால் விடுதலை கிடையாது என்பது மட்டும் தெரியும். சாமான்களை முன்கூட்டியே ஊரிலிருந்த கறுப்பினத் தோழர்கள் வீட்டில் சேர்த்துவிட்டார். மே 21 அன்று எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருந்த நேரம் வெளியே நடந்தார். கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தார். பத்து டாலர் பரிசு என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அவள் ஓடிப்போவதற்கு எந்தக் காரணமும் இல்லையே என்று அதில் எழுதியிருந்தார்கள்.

மூன்று வருஷம் கழித்தும் அவரைத் திரும்பக் கொண்டுவர ஆள் அனுப்பினார் வாஷிங்டன். ஓனா சிக்கவில்லை. சட்டப்படி அவர் கடைசிவரை தப்பியோடிய அடிமைதான். தப்பியவரைப் பிடித்துக் கொடுக்கும் அந்தச் சட்டத்தில் 1793-இல் கையெழுத்திட்டவரும் வாஷிங்டன்தான். கணவர், பிள்ளைகள், கடும் உழைப்பு, வறுமை என்று அவர் வாழ்ந்து முடித்தது 1848-இல். அதற்குச் சில வருஷம் முன்பு பேட்டி எடுக்கப் போனவர்கள் கேட்டார்கள்: வாஷிங்டன் வீட்டில் இருந்ததைவிட அதிகம் பாடுபட்டுவிட்டீர்களே, விட்டு வந்ததற்கு வருந்துகிறீர்களா?

"இல்லை, நான் சுதந்திரமானவள்" என்றார்.