“இன்னும் ஒரு நாள் முழுசா இருக்கே!”

கேக் ஆர்டர் எடுக்கும் எங்களுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு படம் வரும். மூன்று அடுக்கு கேக். உச்சியில் யூனிகார்ன், நடு அடுக்கைச் சுற்றி ஐந்து மிருகங்கள், கீழே வானவில், மேகம், குழந்தையின் பெயர், வயது. படத்தின் அடியில் ஒரே ஒரு வரி: “சிஸ், இதே மாதிரி ஒரு கிலோல ஞாயித்துக்கிழமை காலைல வேணும், விப்ட் க்ரீம்லயே பண்ணிடுங்க.” முடியாது என்று சொன்னால் அடுத்த நொடியே பதில் வரும்: “இன்னும் ஒரு நாள் முழுசா இருக்கே!”

அந்த ஒரு நாளில் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? அச்சில் மாவை அமுக்கினால் சிங்கம் துள்ளிக் குதித்து வெளியே வந்துவிடுமா?

கேக்கைப் போர்த்தவும் மேலே வைக்கும் பொம்மைகளைச் செய்யவும் பயன்படும் சர்க்கரை மாவுதான் ஃபாண்டன்ட். அதில் இருப்பது பொடித்த சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், ஜெலட்டின், கிளிசரின், கொஞ்சம் தண்ணீர். அதில் கிளிசரின் சேர்ப்பதே சீக்கிரம் காயக்கூடாது, வளைய வேண்டும் என்பதற்காகத்தான். கேக்கின் மேல் போர்த்த அந்தக் குணம் வேண்டும். பொம்மை செய்ய உட்கார்ந்தால் அதே குணம்தான் எமன். அதனால் 250 கிராமுக்கு 1 டீஸ்பூன் டைலோஸ் அல்லது சி.எம்.சி. என்கிற, மாவை இறுக வைக்கும் பொடி போட்டுப் பிசைந்து, காற்றுப் படாமல் சுற்றிச் சில மணி நேரம் வைக்க வேண்டும். அப்போதுதான் பிடித்த வடிவத்தில் நிற்கும் பதம் வரும். இவ்வளவும் பொம்மை செய்ய ஆரம்பிப்பதற்கு முன்னால்.

இனி சிங்கம். உட்கார்ந்த நிலையில் 7, 8 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பை நீர்த்துளி வடிவில் உருட்டி, நடுவில் காய்ந்த ஸ்பகெட்டிக் குச்சி ஒன்றைச் செருகி, கழுத்துக்கு மேல் 2 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டு, ஒரு ராத்திரி காய வைக்க வேண்டும். தலையைத் தனியாகச் செய்து, அடியில் துளை போட்டு, அதையும் தனியாகக் காய வைக்க வேண்டும். கார்ட்டூன் பொம்மை என்றாலே தலைதான் பெரிது, கனமும் அங்கேதான். உடம்பு இளகியிருக்கும்போது தலையை ஏற்றினால், ஏற்றிய நிமிஷத்தில் அழகாகத்தான் இருக்கும். போட்டோகூட எடுக்கலாம். அரை மணி நேரத்தில் கழுத்து அமுங்கி, தாடை நெஞ்சில் உட்கார்ந்து, வயிறு பிதுங்கி, சாமியாடி ஓய்ந்தவர் மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். பிடரி மயிரைத் தலை காய்வதற்கு முன்பே ஒட்டினால் அந்தக் கனத்தில் தலை பின்னால் சாயும். ஒட்டும் பசைக்கும் பொறுமை வேண்டும்: கால் டீஸ்பூன் சி.எம்.சி.யை 2 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் போட்டு ஒரு ராத்திரி ஊற வைத்தால்தான் கட்டியில்லாமல் கரையும். தொட்டு வைக்கும் பொட்டளவு போதும். கூடினால் ஒட்டாது, வழுக்கும். வழுக்கின இடத்தில் சர்க்கரை கரைந்து பளபளவென்று தழும்பும் விழும்.

இது ஒரு சிங்கத்தின் கதை. படத்தில் இன்னும் நான்கு மிருகங்களும் உச்சியில் ஒரு யூனிகார்னும் இருக்கின்றன.

வயதைக் காட்ட கேக்கின் மேல் நடும் நம்பர், அதாவது நம்பர் டாப்பர் வேறு. 4 அல்லது 5 மி.மீ. கனத்தில் உருட்டி வெட்டி, ஈரமாக இருக்கும்போதே குச்சியைச் செருகி, ஸ்பாஞ்சின் மேல் படுக்க வைத்து, தினமும் திருப்பிப் போட்டு இரண்டு மூன்று நாள் காய விட வேண்டும். ஒரே பக்கமாகக் காய்ந்தால் ஓரம் மேலே வளைந்துகொள்ளும். “ஃபேன் காத்துல வெச்சா சீக்கிரம் காயுமே, அவன்ல வெச்சுப் பாருங்களேன்” என்று யோசனை வேறு. வேகமான ஃபேன் காற்றில் மேல்தோல் மட்டும் காயும். உள்ளே ஈரம் நிற்கும். கொஞ்ச நேரத்தில் மேலெல்லாம் மயிரிழை விரிசல். சூட்டில் வைத்தால் ஜெலட்டின் இளகிப் பொம்மை படுத்துவிடும். மழை நாளில், ஈரப்பதம் தூக்கலாக இருக்கும் இடத்தில், இதே பொம்மைகள் ஐந்து நாள் ஆனாலும் பிசுபிசுப்பு விடாது. சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள் என்று கேட்பது பந்தா அல்ல.

அடுத்து அந்த விப்ட் க்ரீம். அதில் பாதிக்கு மேல் தண்ணீர். ஃபாண்டன்ட் பெரும்பாலும் சர்க்கரை. இரண்டையும் ஒட்டி வைத்தால் சர்க்கரை தண்ணீரை உறிஞ்சி அடிப்பக்கத்திலிருந்து கரைய ஆரம்பிக்கும். மேலே வியர்த்தது போலத் துளிகள், பக்கவாட்டில் தொய்வு, கடைசியில் போர்வை மொத்தமும் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். கனத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். 8 அங்குல விட்டமும் 4 அங்குல உயரமும் உள்ள வட்டக் கேக்கைப் போர்த்த 8 + 4 + 4, கூட ஓரத்துக்கு 2, ஆக 18 அங்குல வட்டம் உருட்ட வேண்டும். மூன்றரை மி.மீ. கனத்தில் அதற்கு 800, 900 கிராம் பிடிக்கும். வெட்டி எறிந்தது போகக் கேக்கின் மேல் நிற்பது கிட்டத்தட்ட அரை கிலோ. காற்றடித்து நுரைத்த க்ரீம் அரை கிலோவைத் தாங்குமா? அடியில் கெட்டியான கனாஷ், அதாவது சாக்லேட்டும் க்ரீமும் கலந்த பூச்சு வேண்டும், இல்லாவிட்டால் நன்றாக இறுகிய பட்டர்க்ரீம், அதாவது வெண்ணெயும் சர்க்கரையும் அடித்த பூச்சு. கனாஷுக்கு எடைக் கணக்கில் டார்க் சாக்லேட் 2 பங்கு, க்ரீம் 1 பங்கு. வெள்ளைச் சாக்லேட் என்றால் 3 பங்குக்கு 1, வெயில் கொளுத்தினால் 4 பங்குக்கு 1. தடவி, நேராக்கி, ஒரு ராத்திரி இறுக விட்டால்தான் மேலே போர்த்தும்போது ஓரம் கூர்மையாக வரும். கேக்கும் மெத்மெத்தென்ற ஸ்பாஞ்சாக இருந்தால் கனத்தில் இடுப்பு பிதுங்கும். கொஞ்சம் அடர்த்தியான வெண்ணெய்க் கேக்தான் சரி. இதைச் சொன்னால் “அது ஹெவியா இருக்குமே” என்று முகம் சுளிப்பு. ஹெவியாகத்தான் இருக்கும், மேலே ஒரு மிருகக்காட்சிசாலையே உட்காரப் போகிறதே!

அவசரத்தில் ஃப்ரிஜ்ஜில் சில்லென்று இருக்கும் கேக்கை அப்படியே எடுத்துப் போர்த்துகிறவர்கள் உண்டு. கேக் அறைச் சூட்டுக்கு வந்ததும் உள்ளே மாட்டிய காற்று விரிந்து பக்கத்தில் கொப்புளமாக உப்பும். மெல்லிய ஊசியைச் சாய்வாகக் குத்திக் காற்றை வெளியேற்றித் தடவினால் சரியாகும், கண்ணில் பட்டால்! டெலிவரி ஆன பிறகு உப்பினால் யார் ஊசியோடு ஓடுவது? உருட்டியதைத் தூக்கிப் போட்ட பிறகும் கையில் இருப்பது சில நிமிஷம்தான். முதலில் மேல்தளம், உடனே மேல்விளிம்பு, அப்புறம் பக்கவாட்டு. மடிப்பு விழுந்தால் கீழே இழுக்காமல் வெளிப்பக்கம் விரித்துவிட்டு மேலிருந்து தடவிக்கொண்டு வர வேண்டும். இழுத்தால் விளிம்பில் கிழியும். தாமதித்தால் யானைத்தோல் மாதிரி சுருங்கிவிடும். ஒட்டுகிறதே என்று சர்க்கரைப் பொடியை அள்ளி அள்ளித் தூவினாலும் இதே கதிதான்.

“ஒரு கிலோல” என்ற வார்த்தைக்கு வருவோம். ஒரு கிலோ கேக்கின் மேல்தளம் 7 அங்குலம், அதாவது 18 செ.மீ. உட்கார்ந்த மிருகம் ஒன்று 6, 7 செ.மீ. இடம் பிடிக்கும். ஐந்தையும் அடுக்கி, பெயர்ப் பலகை வைத்து, நம்பரை நட்டு, மெழுகுவர்த்திக்கு இடம் விட வேண்டுமாம். படத்தில் இருப்பது நான்கைந்து கிலோ எடையுள்ள அடுக்குக் கேக். பல நேரம் அதுவும் கேக் கிடையாது, தெர்மாகோல். தெர்மாகோல் இறங்காது, பிதுங்காது, மாதக்கணக்கில் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு நிஜக் கேக்கிடம் அதே ஓரக் கூர்மையைக் கேட்பது என்ன நியாயம்?

நிறத்துக்கு வந்தால் இன்னும் வயிற்றெரிச்சல். சூப்பர் ஹீரோ தீம் என்றால் ரத்தச் சிவப்பு, கரிக் கறுப்பு. வெள்ளை ஃபாண்டன்ட்டில் கறுப்பு ஜெல் கலரைக் கொட்டிக்கொண்டே போனால் சாம்பல், அப்புறம் அழுக்குப் பச்சை, கறுப்பு வருவதற்குள் ஃபாண்டன்ட் நொளநொளத்துப் போகும், கசக்கவும் செய்யும், சாப்பிட்ட பிள்ளைகளின் நாக்கும் பல்லும் கறுக்கும். சாக்லேட் ஃபாண்டன்ட்டில் ஆரம்பித்துக் கறுப்பு சேர்ப்பதுதான் வழி. சிவப்பை முந்தின நாளே கலந்து மூடி வைத்தால் நிறம் தானாக ஆழமாகும். அன்றைக்கே கலந்தால் அடர் ரோஸில் நின்றுவிடும், “போட்டோல இருக்கிற ரெட் இல்லையே” என்று மெசேஜ் வரும். தண்ணீர் மாதிரி இருக்கும் திரவக் கலர் இந்த வேலைக்கே ஆகாது. ஊதா நிறமோ வெளிச்சத்தில் வைத்தால் உள்ளே இருக்கும் இளஞ்சிவப்பு வெளுத்து நீலம் மட்டும் மிஞ்சும். இளவரசி கேக்கை நாள் பூராவும் ஜன்னலோரம் வைத்துவிட்டுப் பேக்கரைத் திட்டாதீர்கள்.

மினுமினுப்பு கேட்பவர்களிடம் கோபமே வருகிறது. “நான்-டாக்சிக்” என்று டப்பாவில் போட்டிருப்பதால் அது தின்னக்கூடிய பொருள் ஆகிவிடாது. “எடிபிள்” என்று போட்டிருக்க வேண்டும், உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலும் இருக்க வேண்டும். 2018-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு பிறந்தநாள் கேக் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. மேலே பூசிய ரோஸ் கோல்ட் நிறப் பொடியில் இருந்தது செம்பு. அது அலங்காரத்துக்கு மட்டுமான பொடி. “வேற பேக்கர் போட்டுத் தர்றாங்களே” என்றால், தாராளமாக அவரிடமே போங்கள்! எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டி, பொம்மைக்குள் பல்குத்தும் குச்சியைச் செருகி, கம்பியை நேரே கேக்கில் குத்தி அனுப்புகிற சக பேக்கர்கள் மேலும் இதே கோபம் உண்டு. கடிக்கப் போவது மூன்று வயதுப் பிள்ளை.

கேக் கைக்கு வந்த பிறகு நடக்கும் கூத்து தனி. மடியில் வைத்துக்கொண்டு போவார்கள். கார் சீட் சாய்வானது, மடி அதைவிடச் சாய்வானது. கால் வைக்கும் தளத்திலோ டிக்கியிலோ சமமாக வைத்து, வெயில் படாமல் கொண்டுபோக வேண்டும். வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து ஃப்ரிஜ்ஜில் திணிப்பார்கள். வெளியே எடுத்ததும் பனித்துளி பிடித்து, சிவப்பு ஒழுகி வெள்ளையில் இறங்கும். கனாஷ் வைத்த கேக் ஒரு நாள் குளிர்ச்சியான அறையிலேயே இருக்கும். ஃப்ரிஜ்ஜில் வைத்தே ஆக வேண்டும் என்றால் அட்டைப் பெட்டியோடு வைத்து, பெட்டியைத் திறக்காமலேயே வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும். துளி பிடித்துவிட்டால் கை வைக்காதீர்கள், அதுவாகவே காயும். துடைத்தால் தழும்பு.

எல்லாம் முடிந்து சாயங்காலம் ஒரு விமர்சனம் வரும்: “ஃபாண்டன்ட் டேஸ்ட்டே இல்ல, உரிச்சுப் போட்டுட்டோம்.” உரித்துப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? சர்க்கரைப் பொடியைப் பிசைந்ததில் வேறென்ன ருசி இருக்கும்! அரை கிலோ சர்க்கரையைப் பிள்ளைகள் தின்னாமல் இருப்பது நல்லதுதான். மேலே வைத்த பொம்மைகள் கல்லாகக் காய்ந்தவை, நினைவுக்கு எடுத்து வைக்கிற சாமான். கீழே இருக்கும் கேக்கையும் கனாஷையும் பற்றிச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பட்டர்க்ரீம் கேக், 2 மி.மீ. கனத்தில் கட்டரால் வெட்டி ஒரு ராத்திரியில் காயக்கூடிய தட்டையான நட்சத்திரம், இலை, மேகம், நடுவில் சாப்பிடக்கூடிய தாளில் அச்சடித்த குழந்தைக்குப் பிடித்த முகம். நன்றாகவே இருக்கும், சரியவும் சரியாது. இதைச் சொன்னால் வரும் பதில், “ரொம்ப சிம்பிளா இருக்கே சிஸ், ஒரே ஒரு யூனிகார்ன் மட்டும் மேல வெச்சுடுங்களேன்.”