வங்கியில் 35 ஆண்டுகள், மன்றத்தில் நான்கு

என் அத்தை 1978இல், தமது இருபதாவது வயதில், மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ்டவுன் நகரின் கடற்கரைத் தெருவில் இருந்த ஒரு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 2013இல் கடன் பிரிவின் மூத்த அதிகாரியாக ஓய்வு பெற்றார். மறு ஆண்டு அவர் சார்ந்திருந்த கட்சி அவரை, நகரை நிர்வகிக்கும் ஊராட்சி மன்றத்தின் நியமன உறுப்பினராக்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து அந்த நியமனம் புதுப்பிக்கப்படவில்லை. சென்ற வாரம் உறவினர் வீட்டு விசேஷத்தில், "பேங்க்கில் இருந்தவருக்கு அரசியல் ஒத்துவரவில்லை" என்று ஒருவர் சொன்னார். அத்தை பதில் பேசவில்லை. நான் பேச விரும்புகிறேன். நகர அரசியல் அவருக்கு நன்றாகவே ஒத்துவந்தது. அவரை உள்ளே அழைத்த முறையும் வெளியே அனுப்பிய முறையும்தான் தவறு என்பது என் உறுதியான கருத்து.

பினாங்குத் தமிழர்களிடையே பணம் என்றால் பினாங்குத் தெருச் செட்டியார்கள் வட்டிக்குக் கடன் கொடுத்த கிட்டங்கிகளைத்தான் எல்லாரும் நினைவுகூர்வார்கள். ஆனால் தண்ணீர்மலைப் பக்கம் இருந்த எங்கள் பாட்டி போன்ற பெண்களுக்குத் தெரிந்த வங்கி, அக்கம்பக்கத்தார் சேர்ந்து பிடித்த கூட்டு, அதாவது சீட்டு. அது இந்த நாட்டில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்றால், அதைத் தொழிலாக நடத்துவதைத் தடுக்க 1971இல் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம் சொல் அப்படியே நின்றுவிட்டது. பாட்டிக்கு எழுதத் தெரியாததால், யார் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தார், யாருக்கு இந்த மாதம் விழுந்தது என்ற கணக்கைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதியவர் அத்தைதான். ஒருவருடைய பணத்தைப் பற்றிய கணக்கில் அவருடைய மானமும் இருக்கிறது என்பதை அந்த நோட்டில்தான் கற்றுக்கொண்டதாக அவர் சொல்வார்.

வங்கியில் அவர் ஏறிய படிகள் ஒவ்வொன்றும் தேர்வு எழுதி ஏறியவை. இரண்டு பிரசவங்களுக்கும் அன்றைய சட்டப்படி 60 நாள் விடுப்புதான். அது 98 நாளாக உயர்ந்தது 2023இல்தான். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, மாலை வகுப்புக்குச் சென்று வங்கியாளர் தேர்வுகளை முடித்து அதிகாரியானார். 1998 செப்டம்பரில் அரசாங்கம் மூலதனக் கட்டுப்பாடுகளை அறிவித்து, டாலருக்கு 3.80 என்று ரிங்கிட்டின் மதிப்பை நிலைநிறுத்திய நாள்களில், வசூலாகாத கடன்களின் கோப்புகளோடு இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தவர்களில் அவரும் ஒருவர். காகிதத்தை நம்புவதற்கு முன் கடைக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அவருக்கு அப்போது வந்தது. ஆனாலும் கிளை மேலாளர் பதவிக்கு அவர் பெயர் வந்தபோது, வாடிக்கையாளர்களோடு இரவு விருந்துகளுக்குப் போகப் பெண்ணால் முடியாது என்று சொல்லி அவரை ஒதுக்கினார்கள். செத்தி அக்தார் அசிஸ் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் முதல் பெண் ஆளுநராகப் பொறுப்பேற்ற அதே 2000ஆம் ஆண்டில் இது நடந்தது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

மன்றத்தில் அவர் செய்த வேலையைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊராட்சி மன்றங்களின் வருமானத்தில் பெரும்பகுதி மதிப்பீட்டு வரியிலிருந்து வருகிறது. இங்கே ஒரு வீடு ஆண்டுக்கு எவ்வளவு வாடகைக்குப் போகும் என்று கணித்து, அதில் ஒரு விழுக்காட்டை வரியாக விதிக்கிறார்கள். பிப்ரவரி இறுதியிலும் ஆகஸ்டு இறுதியிலும் இரு தவணையாகக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் வாரண்டு பிறப்பித்து வீட்டுப் பொருள்களைக் கைப்பற்றவும் சட்டத்தில் இடமுண்டு. நிதிக் குழுவின் முதல் கூட்டங்களில் நிலுவை வரி என்று ஒரே ஒரு மொத்தத் தொகை மட்டும் காட்டப்பட்டது. வங்கியில் வசூலாகாத கடன்களைப் பிரிப்பதுபோல, ஆறு மாதப் பாக்கி, ஓராண்டுப் பாக்கி, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட பாக்கி என்று பிரித்துத் தரும்படி அத்தை கேட்டார். பட்டியல் வந்தபோது, எண்ணிக்கையில் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளும், தொகையில் சில வணிகக் கட்டடங்களுமே முன்னால் நின்றன. இரண்டு தரப்புக்கும் ஒரே மாதிரியான எச்சரிக்கைக் கடிதமே போய்க்கொண்டிருந்தது.

பழைய வழக்கப்படி அவர் நேரில் போனார். மாலை நேரங்களில், மின்தூக்கி பழுதான அடுக்குமாடிகளில் படியேறி, கதவு கதவாகக் கேட்டார். இறந்துபோன கணவரின் பெயரிலேயே இன்னும் வரி ரசீது வருவதால், அதைத் திறக்கவே பயந்து சாமி மேடைக்குக் கீழே அடுக்கி வைத்திருந்த ஒரு பெண்மணியை அவர் அங்கேதான் சந்தித்தார். அந்த அம்மாவிடம் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. பெயர் மாற்றத்துக்கு எந்த முகப்புக்குப் போவது, எந்தப் பாரத்தை நிரப்புவது என்று சொல்ல ஆள் இல்லை. அத்தை உடன் சென்று பெயரை மாற்றி, மாதத் தவணைக்கு ஏற்பாடு செய்தார். பிறகு அதையே ஒரு திட்டமாக எழுதி நிதிக் குழுவின் முன் வைத்தார். அந்தத் திட்டம் விவாதத்தில் இருந்தபோதுதான் அவருடைய பதவிக்காலம் முடிந்தது.

அவர் ஏன் நீட்டிக்கப்படவில்லை என்று யாரும் விளக்கவில்லை. விளக்க வேண்டிய கட்டாயமும் யாருக்கும் இல்லை. 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல்களை 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் முற்றாக நீக்கிவிட்டது. ஒரு மன்றத்தில் எட்டு முதல் 24 உறுப்பினர்கள் வரை மாநில அரசு நியமிக்கலாம். நடைமுறையில் அந்த இடங்களைப் பெரும்பாலும் கட்சிகளே பங்கிட்டுக்கொள்கின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்த 1957இல் ஜார்ஜ்டவுனின் முதல் மேயரானவர் டி. எஸ். இராமநாதன் என்ற தமிழர் என்பதை, அவர் பெயர் தாங்கிய சாலையில் தினமும் போகும் நம் பிள்ளைகள் பலர் அறியமாட்டார்கள். ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரப் பினாங்கு 2012இல் இயற்றிய சட்டம் 2014இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. கோலாலம்பூர்வாசிகளின் நிலை இன்னும் மோசம்: அவர்களுக்கு 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள் உண்டு; சட்டமன்றமும் இல்லை, மன்ற உறுப்பினர்களும் இல்லை.

நியமன முறையில்தான் பெண்கள் மேலே வந்தார்கள் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். 2015இல் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் முதல் மேயரானவர் பத்தாயா இஸ்மாயில். அடுத்து அப்பதவிக்கு வந்த மைமுனா முகமட் ஷரிப், ஐ.நா. வாழ்விடத் திட்டத்துக்குத் தலைமை தாங்கிவிட்டு, 2024இல் கோலாலம்பூரின் முதல் பெண் டத்தோ பண்டார் (மேயர்) ஆனார். ஆனால் 1985இல் நகரத் திட்ட அதிகாரியாகச் சேர்ந்து, ஒவ்வொரு படியாக நிர்வாகத்தில் உயர்ந்தவர் மைமுனா. அந்தப் பாதை, அத்தை வங்கியில் ஏறிய படிகளைப் போன்றது. அங்கே தகுதியை எடுத்துக்காட்ட ஒரு பதிவேடு இருக்கிறது. மன்ற உறுப்பினருக்கு அப்படி எதுவும் இல்லை. அவர் செய்த வேலையைக் கண்ணால் கண்ட அடுக்குமாடிப் பெண்கள் அவருக்கு ஓட்டுப் போட முடியாது, அவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவும் முடியாது. பதவி போன பிறகும் எட்டு மாதங்கள் அவர்கள் அத்தையைத்தான் கைப்பேசியில் அழைத்துக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் அவருக்குப் பதிலாக யார் வந்திருக்கிறார் என்று அவர்களுக்கு எவரும் தெரிவிக்கவில்லை.

தேர்தல் திரும்ப நெடுங்காலம் ஆகலாம். அதுவரை, மன்ற உறுப்பினர்களை நியமிக்கும் கட்சிகள், பெயர்ப் பட்டியலை ஒரு மாதத்துக்கு முன்பே குடியிருப்பாளர்களிடம் வெளியிட வேண்டும். விலகுகிறவர் பாதியில் விட்ட வேலைகளைப் புதியவரிடம் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும். வங்கியில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாறும் குமாஸ்தாகூட இதைச் செய்துவிட்டுத்தான் போகிறார். அத்தையிடம் அந்த நிலுவை வரிக் குறிப்புகள் மூன்று நோட்டுகளில், வீட்டு எண் வாரியாக, இன்னும் இருக்கின்றன.