கதையைக் கட்டி வைச்சம், அட்டையைக் கிழிச்சுப் போட்டம்

பழைய சஞ்சிகை சேர்க்கிறன் எண்டு சொன்னால் யாழ்ப்பாணத்தில முதல் வாற கேள்வி, "உள்ளுக்க என்ன கதை இருக்கு?" அட்டைக்காகத்தான் வாங்குறன் எண்டால் ஒரு மாதிரிப் பார்ப்பினம். பார்க்கட்டும். கதை எங்கயும் போகேல்லை. 1950 இல கல்கியில தொடங்கின பொன்னியின் செல்வன் இண்டைக்கும் எந்தப் புத்தகக்கடையிலயும் கிடைக்கும். மணியம் கீறின படங்களோட வந்த அந்தக் கல்கி இதழ், அட்டை கழராமல், எத்தனை வீட்டில இருக்கு?

தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிளேட்டால வெட்டி, ஊசிநூலால தைச்சு, பைண்ட் பண்ணி வைக்கிறதுதான் எங்கட வீடுகளில கெட்டித்தனம். மிச்சமெல்லாம் கடலைச் சரையாப் போச்சு. 1981 இல யாழ்ப்பாணப் பொது நூலகத்தோட 97,000 அளவில நூல்கள் எரிஞ்சதையும், 1995 இல சண்டையால ஊரே இடம்பெயர்ந்தபோது விட்டிட்டு வந்ததையும் சொல்லி அழுகிறம். அழத்தான் வேணும். ஆனால் உந்த அட்டைகளைக் கிழிச்சது ஆமிக்காரன் இல்லை.

இந்தியச் சஞ்சிகையள் மட்டுந்தான் வடிவு எண்டு நினைக்கிற ஆக்களோடயும் எனக்குச் சண்டை. விகடனில படம் கீறின கோபுலு, சில்பி எல்லாம் பெரிய கையள், மறுக்கேல்லை. எழுபதுகளின்ர தொடக்கத்தில அந்தச் சஞ்சிகையளின்ர இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அதுக்கு முதலே இஞ்ச வேற மாதிரி ஒரு அட்டை வரத் தொடங்கியிட்டுது. 1966 இல எழுத்தாளர் டொமினிக் ஜீவா தொடங்கின மல்லிகை எண்ட இலக்கியச் சஞ்சிகையைப் பாருங்கோ. நடிகையின்ர படம் போட்டால் விக்கும் எண்டு தெரியாத மனிசனே அவர்? எழுத்தாளர், கலைஞர்களின்ர முகத்தை முன்னுக்குப் போட்டார். தனியாப் பார்த்தால் பல அட்டைகள் சாதாரணந்தான், சிலது அடையாள அட்டைப் படம் மாதிரியும் இருக்கும். வரிசையா அடுக்கிப் பாருங்கோ, ஈழத்து இலக்கியமே நிமிர்ந்து பார்க்கும்.

சிரித்திரன் எண்ட நகைச்சுவைச் சஞ்சிகை அப்பிடியில்லை. அதின்ர ஆசிரியர் சிவஞானசுந்தரமே கார்ட்டூன் கீறுறவர், சவாரித் தம்பர் எண்ட கார்ட்டூன் பாத்திரத்தைத் தந்த 'சுந்தர்'. என்னட்டை இருக்கிற ஒரு இதழில சிவப்பு மை கோட்டை விட்டு ஒரு நூலளவு விலகி நிக்குது. அதால கீறின ஆள் அசையிற மாதிரித் தெரியும். மூலையில ஆரோ பேனையால பெயர் எழுதி, பிறகு வெட்டியும் இருக்கினம். ஆர் ஆரிட்டை இரவல் வாங்கித் திருப்பிக் குடுக்காமல் விட்டாரோ!

'நூலகம்' எண்ட இணையத்தளத்தில 2005 இலிருந்து ஈழத்துச் சஞ்சிகையளை ஸ்கான் பண்ணி ஏத்துகினம். அந்தப் பிள்ளையளுக்குக் கோயில் கட்டலாம். வாசிக்கிறதுக்கு அது தாராளம். அந்த விலகின சிவப்பையும் வெட்டின பெயரையும் பார்க்கத் தாள்தான் வேணும்.

இப்ப புதுசா ஒரு வருத்தம் தொடங்கியிருக்கு. அட்டையை மட்டும் உரிச்சு, பிறேம் போட்டுச் சுவரில தொங்கவிடுறது. கடைக்கு வடிவா இருக்குமாம். அப்ப கதைக்காக அட்டையை எறிஞ்சம், இப்ப அட்டைக்காகக் கதையை எறியிறம். ரெண்டும் ஒரே கொலைதான். அதோட லமினேட் பண்ணுற ஆக்களும் தயவுசெய்து நிப்பாட்டுங்கோ, பிறகு அதைக் கழட்டேலாது.

வீட்டு றங்குப்பெட்டி துப்புரவாக்குற ஆக்கள், எரிக்க முதல் ஒருக்கால் உள்பெட்டியில சொல்லுங்கோ. செல்லரிச்சிருந்தாலும் பரவாயில்லை, முழு இதழா இருந்தால் நானே வந்து எடுக்கிறன். தனி அட்டை வேண்டாம்.