தொண்டி நண்டைப் புரட்டிப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தொண்டியிலிருந்து வரும் நண்டுக் கூடையைப் பார்த்ததும் வரும் முதல் கேள்வி, "சினை இருக்கா?" கேள்வி தப்பில்லை. எந்தச் சினை என்பதில்தான் கோளாறு.

நண்டைப் புரட்டிப் போடுங்கள். வயிற்று மடல் ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண், அகன்று வளைந்திருந்தால் பெண். ஓட்டுக்குள் செக்கச்செவேலென்று இருக்கிறதே, நாம் தேடும் ருசி அதுதான். மடலுக்கு வெளியே பஞ்சு மாதிரி அப்பியிருப்பது வேறு. அது நண்டு வெளியே தள்ளிய முட்டை, ஒரு நண்டில் லட்சக்கணக்கில் இருக்கும். மஞ்சளாகத் தொடங்கி, பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கக் கறுத்துவிடும். மணல் மாதிரி நறநறக்கும் என்று ஆச்சிமார் அதைச் சுரண்டிக் கொட்டிவிடுவார்கள். சாக்கடைக்குப் போவதற்கு எடை போட்டுக் காசு கொடுக்கிறோம்!

தேவகோட்டை, திருவாடானை தாண்டினால் தொண்டி. பேரூராட்சிதான். கொச்சியில் கிளம்பும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை முடிவது இங்கே. நம் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருப்பதும் இங்கேதான். (சங்கப் பாட்டில் வரும் சேரர் தொண்டி மேற்குக் கரையில் இருந்தது. அந்தப் பெருமையை இந்த ஊர் தலையில் ஏற்ற வேண்டாம்.)

தொண்டிக்கு எதிரே உள்ள பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். சேறும் கடல்புல்லும் நீலக்கால் நண்டுக்குத் தோது. மேலே மிதப்பும் கீழே ஈயமும் கட்டிய வலையைத் தரையோடு நிறுத்திவிட்டு, பிறகு போய் எடுப்பார்கள். எடுப்பதைவிடக் கழற்றுவதுதான் பெரும் பாடு. நண்டு நூலைச் சுற்றிக்கொண்டு முறுக்கும். அவசரப்பட்டு இழுத்தால் கொடுக்கு ஒடியும், விலை இறங்கும். நூலை அறுத்தால் வலைக்குச் செலவு. அதனால் ஒவ்வொரு காலாகப் பிரிக்கிறார்கள். இந்த வலைமேல் விசைப்படகு இழுத்துக்கொண்டு போகும் வலையான இழுவை மடி ஏறினால் மொத்தமும் போச்சு. கரையை ஒட்டிய கடலில் இழுவை மடி கூடாது என்கிறது 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு மீன்பிடிச் சட்டம். சட்டம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு போகும். "தடைக்காலம், நண்டே வராது" என்று விலை ஏற்றுபவரிடம் கொஞ்சம் வாதாடலாம்.

முட்டை நண்டைத் திரும்பக் கடலில் விடச் சொல்லி மீனவருக்கு மட்டும் பாடம் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அன்றைய டீசல் காசை யார் கொடுப்பது? வாங்க ஆள் இருக்கும்வரை அது கூடைக்கு வரத்தான் செய்யும். ஆண் நண்டைக் கேளுங்கள், நீலம் பளிச்சென்று தெரியும். கையில் எடுத்தால் கனக்க வேண்டும். அடி ஓட்டைக் கட்டைவிரலால் அமுக்குங்கள். நெளிந்தால் ஓடு கழற்றிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், உள்ளே தண்ணீர்தான். கால் தொங்கிக் கிடந்தால் மசாலாவை மிச்சப்படுத்துங்கள். செத்து நேரமான நண்டின் சதை குழைந்துவிடும், எத்தனை மிளகு அரைத்துப் போட்டாலும் தேறாது.