ஆக்சிமீட்டர் 98 காட்டினால் நீண்டகாலக் கோவிட் வராதா?

"வீட்டிலேயே கண்காணிக்கப்பட்ட கோவிட் நோயாளிக்கு ரத்த ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை என்றால் பின்விளைவே இருக்காது, அப்புறம் வரும் அசதியெல்லாம் மனப்பிரமை" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

இங்கிலாந்தில் 2020 நவம்பரில் நோயாளிகளின் வீடுகளுக்கே ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் கொடுத்தது, மூச்சுத்திணறல் தெரியாமலே ஆக்சிஜன் இறங்குவதைப் பிடிக்கத்தான். விரலில் மாட்டும் அந்தக் கருவி அசதியையும் மறதியையும் அளக்காது. மாடியேறித் துணி காயப்போட்டதற்கே மறுநாள் எழ முடியாமல் கிடப்பவருக்கும் அது 98 காட்டலாம்.

தொற்று போன பிறகும் தொல்லை நீடிக்கும் நீண்டகாலக் கோவிட், லேசான தொற்றுக்குப் பிறகும் வரும். உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் அதற்குத் தந்த வரையறையில் ஆக்சிஜன் அளவு நிபந்தனையே இல்லை: தொற்றிலிருந்து வழக்கமாக 3 மாதத்தில் காணப்பட்டு, குறைந்தது 2 மாதம் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாத தொல்லை. அதனால் ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்றும் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள்.